தமிழிலேயே டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்: யார் இந்த சாமுவேல் கிரீன்?

"குறுக்கு வலிக்கு, மேலுக்கும் முடியல."

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வரும் ஒரு பெரியவர் இப்படிச் சொன்னால், நெல்லைக்காரர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. குறுக்கு என்றால் முதுகின் அடிப்பகுதி. மேலு என்றால் உடம்பு. ஆனால் வேறு மாவட்டத்தில் வளர்ந்து, நாலரை வருஷம் ஆங்கிலப் புத்தகங்களில் உடம்பைப் படித்துவிட்டு, முதல் நாள் ஓ.பி. நாற்காலியில் உட்காரும் பயிற்சி டாக்டருக்கு? எது குறுக்கே போகிறது, எதுக்கு மேலே முடியவில்லை என்று ஒரு நிமிஷம் திகைக்கத்தான் வேண்டும்.

திரும்பி வரும் வழியிலும் இதே சிக்கல்தான். டாக்டர் சொல்லும் வார்த்தை நோயாளி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறது. ரிசல்ட் பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. புரிஞ்சுதா என்று டாக்டர் கேட்டால், மரியாதைக்காகப் புரிஞ்சுது என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மருந்துக் கடைக்காரரிடம் கேட்பது நம் ஊர்களில் ரொம்பப் பழைய பழக்கம்.

இந்தச் சிக்கலை 170 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கையில் எடுத்தார். அதுவும் தமிழர் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். நோயாளி பேசுகிற மொழியிலேயே டாக்டரும் படித்திருக்க வேண்டும் என்று நினைத்து, அதற்காக மருத்துவக் கல்வியையே தமிழுக்குக் கொண்டு வந்தவர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அவர் வேலை பார்த்தது கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில்.

வூஸ்டரில் இருந்து வட்டுக்கோட்டைக்கு

கிரீன் பிறந்தது 1822 அக்டோபரில், வூஸ்டர் நகரில். 'கிரீன் ஹில்' என்ற பெரிய பண்ணை வீடு, நிறையப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். இவருக்கு இரண்டு வயது மூத்தவரான அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பின்னாளில் நியூயார்க் நகரத்தையே திட்டமிட்டவர்களில் ஒருவர். சென்ட்ரல் பார்க் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அண்ணன் நியூயார்க்கைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், தம்பி மானிப்பாயில் உட்கார்ந்து தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தார்!

அதே 1822-ல்தான் யாழ்ப்பாணம் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். மிஷனரிகளை எதிர்த்துச் சைவத்துக்காக வாழ்நாள் முழுக்க நின்றவர் அவர். மிஷனரியாகவே வந்து இறங்கியவர் இவர். இருவருமே தமிழ் உரைநடைக்குப் பெரிய வேலை செய்துவிட்டுப் போனார்கள்.

கிரீன் நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் வாங்கினார். அது மருத்துவமே புரண்டு படுத்த காலம். 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். அடுத்த ஏப்ரலில் அதே பாஸ்டனில் கப்பலேறினார் கிரீன். அமெரிக்கன் மிஷன் அனுப்பிய மருத்துவராக 1847 அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அங்கே அவர் முதல் ஆள் இல்லை. ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஏற்கெனவே பண்டத்தரிப்பில் பல வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டு 1836-ல் சென்னைக்கு மாறியிருந்தார். வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்திதான். ஸ்கடருக்குப் பிறகு வந்த நேதன் வார்டு ஊர் திரும்பிய இடத்துக்குத்தான் கிரீன் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, 1848 முதல் மானிப்பாய்.

ஒரே டாக்டர், ஊர் நிறைய நோயாளிகள்

ஒரு தீபகற்பத்துக்கு ஒரு மேல்நாட்டு டாக்டர் என்றால் என்ன ஆகும்? விடிந்தால் கூட்டம். காலரா அலை அலையாக வந்து ஊர்களைக் காலி செய்தது. அதன் கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் காட்ட 1880-கள் ஆனது. அதுவரை காரணமே தெரியாமல்தான் எல்லாரும் அதோடு போராடினார்கள்.

உள்ளூரில் வைத்தியர்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் பரியாரி என்று சொல்லும் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். மக்களுக்கு அவர்கள் மேல்தான் நம்பிக்கை. அதில் ஆச்சரியமும் இல்லை. பரியாரி அவர்கள் பேச்சைப் பேசினார், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், பத்தியம் என்றால் எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ள வேண்டும் என்று அவர்கள் சமையலை வைத்தே சொன்னார். வெள்ளைக்கார டாக்டரிடம் வருவது பெரும்பாலும் மற்ற வழியெல்லாம் மூடிய பிறகு. பிரசவத்தில் கேட்கவே வேண்டாம். மருத்துவச்சி கைவிட்ட பிறகு, அதுவும் ஆண் டாக்டர் என்றால், கூப்பிடுவதற்கே வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

1848-லேயே சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார் கிரீன். இலங்கையில் முறையான மேலை மருத்துவக் கல்வி தொடங்கியது இங்கேதான். கொழும்பு மருத்துவக் கல்லூரி வர 1870 ஆனது. யாழ்ப்பாண நகரில் 1850-ல் அரசு அதிபர் டைக் முயற்சியில் தொடங்கிய மருத்துவமனைக்கும் கிரீன் கைகொடுத்தார்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மாணவர்கள் வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் படித்த பையன்கள், அதனால் அது சுலபமாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் போகப்போகத் தெரியவந்தது. ஆங்கிலத்தில் படித்தவருக்கு அரசு வேலை காத்திருந்தது. படித்து முடித்ததும் சம்பளம் கிடைக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். கிராமம் அப்படியே இருக்கும். இன்னொன்று, நோயைப் பற்றி ஆங்கிலத்தில் யோசிக்கப் பழகியவர், அதைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொல்லத் தமிழில் வார்த்தை இல்லாமல் தடுமாறுவார்.

டாக்டர்கள் கிராமத்துக்குப் போகமாட்டேன் என்கிறார்கள் என்று இன்றைக்கும் பேசுகிறோம். கிரீன் அதை ஆளின் மனசுப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. எந்த மொழியில் படிக்கிறார் என்பதே அவர் எங்கே போய்ச் சேர்வார் என்பதைத் தீர்மானிக்கிறது என்று பார்த்தார். இதை எல்லாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் 1850-களில் இப்படி யோசித்த டாக்டர் அபூர்வம்.

புத்தகமே இல்லாத பாடம்

தமிழில் கற்பிக்கலாம் என்று முடிவெடுத்தால் போதுமா? புத்தகம் வேண்டும். அது இல்லை. உடற்கூறு, அறுவை சிகிச்சை, வேதியியல் எதற்கும் தமிழில் மேலை மருத்துவ நூல் இல்லை.

தமிழில் நவீன விஷயங்களை உரைநடையில் எழுதும் முயற்சிகள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் பாளையங்கோட்டைக்கும் பங்கு உண்டு: அங்கே இருந்த ரேனியஸ் என்ற ஜெர்மானியர் 1832-ல் தமிழில் 'பூமி சாஸ்திரம்' என்ற புவியியல் நூலைக் கொண்டு வந்திருந்தார். கிரீன் யாழ்ப்பாணத்தில் இறங்கிய காலத்தில் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் கால்டுவெல் தமிழின் உறவுமொழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மருத்துவம் மட்டும் யாரும் தொடாத நிலமாகக் கிடந்தது.

கிரீன் முதலில் எடுத்தது கட்டர் என்பவர் எழுதிய உடற்கூறு, உடலியல், சுகாதார நூல். அது 1852-ல் தமிழில் வந்தது. தலைப்பை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: அங்காதிபாதசுகரணவாதவுற்பாலனம்.

சிரிப்பு வருவது நியாயம்தான். நோயாளிக்குப் புரிய வேண்டும் என்று கிளம்பியவர், பண்டிதரே மூச்சு வாங்கும் தலைப்பில் வந்து நின்றார். அந்தக் காலத்தில் சாஸ்திரம் என்றால் சமஸ்கிருதச் சொல் கலந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அங்காதிபாதம் என்றால் உடற்கூறு, சுகரணம் என்றால் உடலியல், உற்பாலனம் என்றால் சுகாதாரம். இந்தச் சொற்கள் எதுவும் இன்று புழக்கத்தில் இல்லை.

இரண்டாவதாக எடுத்தது மோன்செல் எழுதிய பிரசவ நூல். 'பிரசவ வைத்தியம்' என்று 1857-ல் வெளியானது. இந்தத் தலைப்பு யாருக்கும் புரியும். பத்து வருஷ அனுபவத்துக்குப் பிறகு அவர் கை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்: தாயும் பிள்ளையும் ஒரே ராத்திரியில் போய்விடுகிற இடத்துக்கு.

முழுக்கத் தமிழுக்கு மாறியபோது

1857-ல் ஓய்வுக்காக அமெரிக்கா போனவர், 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டு யாழ்ப்பாணம் திரும்பினார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய மாற்றம். 1860-களில் மருத்துவ வகுப்பு முழுக்கத் தமிழுக்கு மாறியது. சென்னை மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், மானிப்பாயில் எலும்பும் நரம்பும் மருந்தும் தமிழில் பாடமாயின.

புத்தகங்கள் அடுத்தடுத்து வந்தன. ட்ரூயிட் எழுதிய அறுவை சிகிச்சை நூல் 1867-ல் 'இரணவைத்தியம்' ஆனது. ரணம் என்றால் புண் என்று எந்தப் பாட்டிக்கும் தெரியும். 1872-ல் இரண்டு பெரிய நூல்கள்: ஹூப்பரின் நூல் 'வைத்தியாகரம்' என்றும், கிரேயின் உடற்கூறு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்றும் வெளிவந்தன. இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் தூக்கிச் சுமக்கும் அதே கிரேஸ் அனாட்டமிதான். லண்டனில் 1858-ல் முதன்முதலில் வந்த புத்தகம், 14 வருஷத்தில் தமிழில் கிடைத்தது!

1875-ல் வேதியியல் நூல் வந்தது. இதற்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லைப் பிடித்து அதற்குத் தமிழ் வால் ஒட்டிவிட்டார். இரசாயனம் என்ற சொல் கைக்கருகே இருந்தும் இப்படிச் செய்தார். தமிழில் பொருத்தமான சொல் இருக்கிறதா, சமஸ்கிருதத்தில் இருக்கிறதா, இரண்டிலும் சரிப்படவில்லை என்றால் ஆங்கிலத்தையே தமிழ் ஒலிக்கு மாற்றிவிடுவது என்ற வழியில் அவர் போனார். கலைச்சொல் ஆக்கும் குழுக்கள் இன்றும் சண்டை போடுவது இதே மூன்று வாசல்களில்தான். துறை வாரியாகச் சொற்பட்டியல்களையும் அச்சிட்டு வைத்தார். ஒருவர் ஒரு சொல்லும் இன்னொருவர் வேறு சொல்லும் போட்டால் மருந்துச்சீட்டில் என்ன நடக்கும் என்பது டாக்டருக்குத் தெரியாதா?

எல்லாவற்றையும் சேர்த்தால் 4,000 பக்கங்களைத் தாண்டும். தனி மனிதர் செய்த வேலையாக இதைச் சொல்வது வழக்கம், ஆனால் அது சரியாகாது. சாப்மன், டான்ஃபோர்த், பால் என்று மிஷன் பெயர்களைத் தாங்கியிருந்த அவருடைய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு செய்தார்கள். கிரீன் எந்த நூல் என்று தேர்ந்தெடுத்தார், சொற்களை முடிவு செய்தார், வரி வரியாகத் திருத்தினார். வாக்கியம் தமிழாக ஓடுகிறதா என்று சொல்ல அந்த ஊர்க்காரர்கள்தான் வேண்டியிருந்தது.

நோயாளிக்கு இதனால் என்ன லாபம்?

கேட்க வேண்டிய கேள்வி. அங்காதிபாதம், சுகரணம் என்ற சொற்கள் நோயாளிக்கும் புரியாதவைதான். அப்படியிருக்க, டாக்டர் எந்த மொழியில் படித்தால் நோயாளிக்கு என்ன?

லாபம் சொல்லில் மட்டும் இல்லை. தமிழில் பாடம் படித்தவர் காரணத்தையும் விளைவையும் தமிழ் வாக்கியத்தில் யோசிக்கிறார். இந்தத் தண்ணீரைக் குடித்ததால் இது வந்தது, இந்தப் புண்ணை மூடி வைத்தால் இது ஆகும் என்ற கோர்வை அவர் மனதில் ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. நோயாளி முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்க்கும் வேலை மிச்சம். தவிர, புத்தகம் தமிழில் அச்சாகி விலைக்குக் கிடைத்ததால், ஆங்கிலம் தெரியாத பரியாரியும் அதைத் திறந்து பார்க்க முடிந்தது. வெள்ளைக்கார வைத்தியம் மந்திரம் மாதிரி இருந்த நிலை கொஞ்சம் மாறியது.

கிரீன் இதோடும் நிற்கவில்லை. தன் மாணவர்கள் கோட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு துரைமாராக மாறுவதை அவர் விரும்பவில்லை. ஊர் உடுப்பு, ஊர்ச் சாப்பாடு, ஊர்ப் பேச்சோடு ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நினைத்தார். கிறிஸ்தவராவது வேறு, ஐரோப்பியராவது வேறு என்பது அவர் நிலைப்பாடு. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் மொழி மட்டும் நிற்பதில்லை. உடுப்பும் தோரணையும் நாற்காலி உயரமும் கூட நிற்கின்றன என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிரீன் மிஷனரி. உடம்பைக் குணமாக்குவது மனதை மதத்துக்குக் கொண்டுவரும் வழி என்றே அவர் நம்பினார். மிஷன் மருந்தகங்களில் மருந்தோடு பிரசங்கமும் உண்டு. நோயோடு வந்து காத்திருக்கும் ஒருவரிடம் மதம் பேசுவதை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அதை நாவலர் தலைமுறை அப்போதே கேள்வி கேட்டது. நல்ல உரையாடல் என்பதில் எதிரே இருப்பவர் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரமும் அடங்கும். அந்த இடத்தில் கிரீனின் முறையில் ஓட்டை இருந்தது.

எத்தனை டாக்டர்கள்?

60-க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வெளியே வந்தார்கள். 1860-களின் நடுவில் காலரா யாழ்ப்பாணத்தைப் புரட்டியபோது ஊர் ஊராகப் போய் நின்றவர்களில் இவர்களும் உண்டு. ஒரு டாக்டர் இருந்த இடத்தில், பக்கத்து ஊர்ப் பையனே டாக்டராக வந்து நாடி பிடித்தான். மக்கள் மேலை மருத்துவத்தின் பக்கம் திரும்பியதில் இந்தப் பழகிய முகங்களுக்குப் பங்கு இல்லாமல் இருக்க முடியாது.

உடல்நிலை இடம் கொடுக்காததால் 1873-ல் கிரீன் அமெரிக்கா திரும்பினார். வேலை நிற்கவில்லை. வூஸ்டரில், கிரீன் ஹில் வீட்டில் உட்கார்ந்து தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பனி கொட்டும் ஊரில் ஒருவர் தமிழில் உடலியல் எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைத்துப் பார்க்கலாம். டால்டனின் உடலியல் நூல் 1883-ல் 'மனுஷ சுகரணம்' என வெளிவந்தது. இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய வேரிங்கின் நூலும் 'இந்து பதார்த்த சாரம்' என்று தமிழானது. உள்ளூர் மூலிகைகளுக்கும் இடம் கொடுத்த நூல் அது. 1884 மே 28 அன்று, 61 வயதில் காலமானார். கல்லறைக் கல்லில், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கட்டும் என்று எழுதி வைத்திருந்தார். வூஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் அது அப்படியே இருக்கிறது.

ஏன் தொடரவில்லை?

சுருக்கமான பதில்: வேலை ஆங்கிலத்தில் இருந்தது. அரசு அங்கீகாரம், பதவி, சம்பளம் எல்லாம் கொழும்பின் ஆங்கிலக் கல்விக்குப் போனபின், தமிழில் படித்த டாக்டருக்கு ஊருக்கு வெளியே இடமில்லை. கிரீன் எதை லாபம் என்று நினைத்தாரோ, அதாவது ஊரை விட்டுப் போகமாட்டார்கள் என்பதை, மாணவர்களின் பெற்றோர் நஷ்டம் என்று பார்த்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கிரீன் போன சில வருஷங்களில் தமிழ் வழி மருத்துவக் கல்வி அடங்கிப்போனது. மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய கிரீன் நினைவு மருத்துவமனை மட்டும் இன்றும் இருக்கிறது.

மருத்துவக் கல்வியைத் தாய்மொழியில் தரலாமா என்ற விவாதம் இந்தியாவில் திரும்ப வந்திருக்கிறது. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் இந்தியில் எம்பிபிஎஸ் பாடநூல்களை வெளியிட்டது. அதற்கு முன்பே, 2019-ல் நாடு முழுக்க வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசுவதைத் தனிப் பாடமாகவே சேர்த்தார்கள். முதலாண்டின் தொடக்கத்தில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியில் உள்ளூர் மொழியும் உண்டு. நோயாளியிடம் புரிஞ்சுதா என்று கேட்காமல், வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்கன்னு எனக்குச் சொல்லுங்க என்று அவரையே சொல்ல வைப்பது இன்று உலகம் முழுக்கக் கற்றுத்தரும் எளிய முறை. பதில் எந்த ஊர்த் தமிழில் வந்தாலும் காது கொடுக்கத் தெரிந்திருந்தால்தான் அது பலிக்கும். 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். குறுக்கு, மேலு எல்லாம் அவர்களில் பலருக்குப் புதுச் சொற்கள்.

கிரீனைத் தமிழ் வாசகர்களுக்குத் திரும்ப அறிமுகப்படுத்தியவர் யாழ்ப்பாணக் கவிஞர் அம்பி. அவருடைய 'கிறீனின் அடிச்சுவடு' 1967-ல் வந்தது. கிரீனின் பழைய நூல்களில் சிலவற்றை இப்போது நூலகம் இணையதளத்தில் போனிலேயே திறந்து பார்க்கலாம். முதலில் கொஞ்சம் தலை சுற்றும். இரணவைத்தியத்திலிருந்து தொடங்குவது நல்லது.